கனவுந்தின் முதுகு

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. பின்னர், தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடையளித்திடுக.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ள செபராங் ஜெயாவை ஒட்டி இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் செல்கின்றன. ஒன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. மற்றொன்று பட்டர்வொர்த் கூலிம் நெடுஞ்சாலை. பட்டர்வொர்த் துறைமுகத்திற்கும் பிறை தொழிற்பேட்டைக்கும் செல்லும் கனவுந்துகள் இரவும் பகலும் இச்சாலைகளில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாம் அவற்றைப் பார்க்கும்போது முகப்பைப் பார்க்கிறோம், சக்கரங்களை எண்ணுகிறோம். ஆனால், சரக்கைத் தாங்கும் முதுகுப் பகுதியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

கனவுந்து என்பதைப் பேச்சு வழக்கில் நாம் லோரி என்கிறோம். ஒரு லோரியின் இயந்திரம், ஓட்டுநர் அறை, சக்கரங்கள் ஆகியவை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பாக இருக்கலாம். அதன் சரக்குப் பெட்டியோ பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் கட்டப்படுகிறது. பட்டறைக்காரர்கள் இதனைப் 'பாடி கட்டுவது' என்பர். தமிழ்நாட்டில் நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இன்று இரும்பும் அலுமினியமும் பெருகிவிட்டன. சில தலைமுறைகளுக்கு முன்போ இத்தொழில் தச்சர்களின் கையில் இருந்தது. மரத்தால் ஒரு சரக்குப் பெட்டியை எப்படிக் கட்டினார்கள்? அது ஏன் பல ஆண்டுகள் உழைத்தது? இவ்வினாக்களுக்கு விடை காண இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராணுவக் கனவுந்துகள் நமக்கு நல்ல பாடமாக அமைகின்றன.

உறுப்புகள்

சரக்குப் பெட்டியை அறிய, முதலில் அதற்குக் கீழே இருக்கும் அடிச்சட்டத்தை அறிய வேண்டும். பட்டறையில் இதனைச் 'சேசி' என்பர். அது தரையில் படுக்க வைத்த ஏணியைப் போன்றது. முன்னிருந்து பின்வரை இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள் ஓடும். அவற்றைப் பல குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். இயந்திரம், அச்சு, சக்கரம், சரக்குப் பெட்டி ஆகிய எல்லாவற்றையும் தாங்குவது இந்த ஏணிதான்.

இதன்மேல் சரக்குப் பெட்டி அடுக்கடுக்காக எழும்பும். முதல் அடுக்கு, எஃகுச் சட்டத்தின்மீது நீளவாக்கில் கிடத்தப்படும் இரண்டு கெட்டியான கட்டைகள். இவற்றை நெடுக்குக் கட்டைகள் எனலாம். இரண்டாம் அடுக்கு, அவற்றின் குறுக்கே வரிசையாக வைக்கப்படும் குறுக்குக் கட்டைகள். மூன்றாம் அடுக்குதான் நாம் கண்ணால் காணும் தளம். தளப் பலகைகள் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் பதிக்கப்படும். அப்படிப் பதித்தால்தான் பெட்டிகளைத் தள்ளும்போது பலகை விளிம்புகளில் முட்டாமல் அவை எளிதில் நகரும். பலகைகளின் இடுக்குகளில் மெல்லிய எஃகுப் பட்டைகளை வைத்துப் போல்ட் முடுக்குவதும் உண்டு. உராய்வினால் ஏற்படும் தேய்மானத்தை அந்தப் பட்டைகள் ஏற்றுக்கொள்ளும்.

தளத்தைச் சுற்றிப் பக்கப் பலகைகளும் பின்கதவும் அமையும். இராணுவக் கனவுந்துகளில் இன்னும் சில உறுப்புகள் இருந்தன. இரு பக்கங்களிலும் மடக்கக்கூடிய மர இருக்கைகள் இருந்தன. வீரர்கள் ஏறினால் அவற்றை விரித்துக்கொள்வர். சரக்கு ஏற்றினால் நிமிர்த்திவிடுவர். பக்கங்களில் உள்ள செருகுகுழிகளில் வில் போன்ற வளைவுகளை நிறுத்தி, அவற்றின்மேல் தார்ப்பாயைப் போர்த்துவர். ஒரே பெட்டி, ஒரு மணி நேரத்திற்குள் உணவு மூட்டை ஏற்றும் வண்டியாகவும் வீரர்கள் பயணம் செய்யும் வண்டியாகவும் மாறும்.

முறுக்கிக்கொள்ளும் ஏணி

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். காலணி வாங்கும்போது கிடைக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். பெட்டி எளிதில் முறுக்கிக்கொள்ளும். இப்போது மூடியை வைத்து, நாடாவால் சுற்றிலும் ஒட்டிவிட்டு மறுபடியும் முறுக்குங்கள். பெட்டி அசைய மறுக்கும்.

அடிச்சட்டம் மூடியில்லாத பெட்டியைப் போன்றது. மேடு பள்ளமான பாதையில் முன்பக்க இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறும். அதே நேரத்தில் பின்பக்க வலது சக்கரம் இன்னொரு மேட்டில் நிற்கும். அப்போது அந்த ஏணி முறுக்கிக்கொள்ளும். இது குறையன்று. அப்படி முறுக்கிக்கொள்வதால்தான் சக்கரங்கள் நிலத்தை விடாமல் பற்றி நிற்கின்றன. காட்டுப் பாதையிலும் சேற்றிலும் ஓட வேண்டிய இராணுவ வண்டிக்கு இந்த இயல்பு மிகவும் இன்றியமையாதது.

சிக்கல் அதன்மேல் அமரும் பெட்டியில்தான் தொடங்குகிறது. முறுக்கிக்கொள்ளும் சட்டத்தின்மீது சற்றும் வளையாத பெட்டியை இறுகப் பிணைத்தால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்க வழியில்லையென்றால் ஏதேனும் ஒன்று உடையும். சில வேளைகளில் போல்ட் அறுந்துபோகும். சில வேளைகளில் பெட்டியின் மூலையில் விரிசல் விழும். மிக மோசமான நிலையில் அடிச்சட்டமே வெடிக்கும்.

மரப்பெட்டி இச்சிக்கலுக்கு எளிய தீர்வாக இருந்தது. அது ஒரே துண்டாக வார்க்கப்பட்டதன்று. பல கட்டைகளைப் போல்ட்டால் இணைத்துக் கட்டப்பட்டது. ஒவ்வோர் இணைப்பும் மிகச் சிறிய அளவு அசையும். அந்தச் சிறு அசைவுகள் எல்லாம் சேர்ந்து, பெட்டி முழுவதும் அடிச்சட்டத்தோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும்.

பெட்டியை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் முறையிலும் நுணுக்கம் இருக்கிறது. நெடுக்குக் கட்டையையும் எஃகுச் சட்டத்தையும் சேர்த்து, யூ வடிவப் போல்ட்டுகளால் கவ்விப் பிடிப்பர். எஃகுச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடக் கூடாது என்பது பாடி கட்டுவோரின் முக்கியமான விதி. சட்டம் வளையும்போது அதிக இழுவிசையும் அழுத்தமும் அந்த விளிம்புகளில்தான் விழும். அங்கு ஒரு துளை இருந்தால் விரிசல் அதிலிருந்தே தொடங்கும். ஆகவே, துளையிடாமல் கவ்விப் பிடிப்பதே பாதுகாப்பான வழி.

இடையில் இருக்கும் மரக்கட்டைக்கு வேறொரு பணியும் உண்டு. இரும்போடு இரும்பு உரசினால் தேயும்; ஒலி எழுப்பும்; துருவும் பிடிக்கும். நடுவில் மரம் இருந்தால் பாரம் ஒரே புள்ளியில் குவியாமல் சட்டத்தின் நீளம் முழுவதும் பரவும். பிற்காலத்தில் எஃகுப் பெட்டிகள் பெருகியபோதும் பொறியாளர்கள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1950ஆம் ஆண்டுகளிலிருந்து அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய எம்35 கனவுந்தில், பெட்டியின் முன்பகுதிப் பிணைப்பில் சுருள்வில் வைக்கப்பட்டது. அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது அந்தச் சுருள்வில் அமுங்கி, பெட்டி சற்றே மேலெழ இடம் கொடுக்கும். மரம் தன் இயல்பால் செய்த வேலையை அங்கே ஒரு சுருள்வில் செய்தது.

எஃகிலிருந்து மரத்திற்கு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஜி.எம்.சி. நிறுவனம் தயாரித்த இரண்டரை டன் கனவுந்து மிகவும் புகழ்பெற்றது. அதன் வகைப்பெயர் சி.சி.கே.டபிள்யூ. மூன்று அச்சுகளும் ஆறு சக்கர இயக்கமும் கொண்ட அந்த வண்டி, போர் முடிவதற்குள் 5 இலட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. அதன் நீளமான வகையில் சரக்குப் பெட்டி 12 அடி நீளம் கொண்டது. அதாவது, ஏறத்தாழ 3.66 மீட்டர்.

தொடக்கத்தில் இந்த வண்டிக்கு எஃகுப் பெட்டியே பொருத்தப்பட்டது. ஆனால், போர்க்கப்பலுக்கும் பீரங்கி வண்டிக்கும் எஃகு தேவைப்பட்டது. எங்கெல்லாம் எஃகைச் சேமிக்க முடியுமோ அங்கெல்லாம் சேமிக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. எனவே, 1942இல் மரத்தால் ஆன பெட்டி அறிமுகமானது. ஓட்டுநர் அறையின் எஃகுக் கூரையும் தார்ப்பாயாக மாறியது. பின்னர் பக்கங்களும் சட்டங்களும் எஃகாகவும் தளம் மரமாகவும் அமைந்த கலப்புப் பெட்டியும் வந்தது. ஒரே வகை வண்டியின் முதுகைப் பார்த்தே அது போரின் எந்தக் கட்டத்தில் தயாரானது என்று இன்று ஆர்வலர்கள் கணிக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகள் சந்தித்த சோதனை சாதாரணமானதன்று. 1944 ஆகஸ்டு 25 முதல் நவம்பர் 16 வரை, பிரான்சு நாட்டில் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஒரு பெரும் சரக்குப் போக்குவரத்து நடைபெற்றது. முன்னேறிச் செல்லும் படைகளுக்கு உணவு, எரிபொருள், வெடிமருந்து ஆகியவற்றைக் கனவுந்துகள் இடைவிடாது கொண்டு சென்றன. உச்ச நிலையில் ஒரே நாளில் ஏறத்தாழ 12,500 டன் சரக்கு கடத்தப்பட்டது. வண்டிகளை ஓட்டியவர்களில் பெரும்பான்மையினர் ஆப்பிரிக்க அமெரிக்க வீரர்கள். இரண்டரை டன் என்பது கரடுமுரடான நிலத்துக்கு விதிக்கப்பட்ட அளவு. நல்ல சாலையில் அதைப்போல் இரு மடங்கு சுமையும் ஏற்றப்பட்டது. அவ்வளவு சுமையையும் அந்தப் பலகைகளும் கட்டைகளும்தாம் தாங்கின.

ஒரு சிறு கணக்கு

மரம் எஃகைவிட மென்மையானது. அப்படியிருக்க, அது எப்படி எஃகின் இடத்தை நிரப்பியது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

3.6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பளவு 7.2 சதுர மீட்டர். 32 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகைகளால் அதனை மூடினால் மரத்தின் கன அளவு 0.23 கனமீட்டர். அம்மரத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 800 கிலோகிராம் என்று கொண்டால் தளத்தின் எடை ஏறத்தாழ 184 கிலோகிராம். அதே பரப்பை 3 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டால் மூடினால், எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோகிராம் என்பதால் எடை ஏறத்தாழ 170 கிலோகிராம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடைதான்!

ஆனால், விறைப்பில் பெரிய வேறுபாடு உண்டு. ஒரு பலகையின் தடிப்பு இரு மடங்கானால், வளைவதை எதிர்க்கும் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். மெல்லிய எஃகுத் தகடு, பொருளளவில் வலியதாக இருந்தாலும் தடிப்பில் மிகச் சிறியது. ஒரு பெட்டியை அதன் நடுவில் வைத்தால் தகடு குழிந்துவிடும். தடிப்பான பலகையோ குறுக்குக் கட்டைகளுக்கிடையே நேராக நிற்கும். தகரத் தளங்களில் அலை அலையான மடிப்புகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த மடிப்புகள் அழகுக்காக அல்ல. தடிப்பில் உள்ள குறையை ஈடுசெய்வதற்காகவே அமைக்கப்பட்டவை.

மரத்திற்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு பலகை உடைந்தால் அந்த ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம். அதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. வாள், துளையிடும் கருவி, திருகுசாவி ஆகியவை இருந்தால் காட்டு முகாமிலேயே வேலையை முடித்துவிடலாம். அதே வேளையில் மரத்திற்குக் குறைகளும் உண்டு. அது நீரை உறிஞ்சும். அகலவாக்கில் விரிந்து சுருங்கும். கவனிக்காமல் விட்டால் உளுத்துப்போகும். ஆகவே, மரத்தின் வலிமையை மட்டும் அல்லாமல் அதன் குணத்தையும் அறிந்தவரே நல்ல பாடி கட்டுநர்.

மலாயாவின் மலை அரசன்

போர் முடிந்து, 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் மலாயாவுக்குத் திரும்பின. அவற்றோடு ஏராளமான இராணுவ வாகனங்களும் வந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இராணுவக் கனவுந்துகள் நம் நாட்டுச் சாலைகளில் வழக்கமான காட்சியாயின. படைக்குத் தேவையில்லாமல் போன பழைய வண்டிகள் தனியாரின் கைக்கு வந்தன. அவற்றில் பல காட்டுக்குள் புது வாழ்வைத் தொடங்கின.

வெட்டு மரங்களைக் காட்டிலிருந்து வெளியே கொண்டு வருவது அந்நாளில் கடினமான வேலையாக இருந்தது. சாதாரண லோரி சேற்றில் புதைந்துவிடும். எல்லாச் சக்கரங்களும் இயங்கும் இராணுவ வண்டியோ செங்குத்தான மண்பாதையிலும் ஏறியது. எனவே, வெட்டுமரத் தொழிலில் ஈடுபட்டோர் அந்த வண்டிகளை வாங்கி, தங்கள் தேவைக்கேற்ப மாற்றியமைத்தனர். சரக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பருத்த மரங்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை வைத்தனர். 'வின்ச்' எனப்படும் இழுவைப்பொறியையும் பொருத்தினர். எஃகு வடத்தால் மரத்தை இழுத்து ஏற்ற அது உதவியது. கண்டோனியர்கள் இவ்வண்டியைச் 'சான் தாய் வோங்' என்று அழைத்தனர். அதன் பொருள் மலை அரசன் என்பதாகும். 'லோரி ஹந்து' என்ற மலாய்ப் பெயரும் இத்தகைய வண்டிகளுக்கு வழங்குகிறது. பேய் லோரி என்பது அதன் பொருள்.

கதவும் கண்ணாடியும் இல்லாமல், கட்டைகளால் ஆன ஓட்டுநர் அறையோடு இந்த வண்டிகள் காண்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால், அவற்றின் அடிப்படைத் தத்துவம் போர்க்காலப் பெட்டியின் தத்துவமே. அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளட்டும், மேலே இருப்பது அதனோடு வளைந்து கொடுக்கட்டும், உடைந்ததைக் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதே அது.

நம் காட்டு மரங்கள்

பாடி கட்டுவதற்கு எல்லா மரமும் ஏற்றதன்று. தளப் பலகை கனமான சரக்கு விழுந்தாலும் பிளக்கக் கூடாது. போல்ட்டை இறுகப் பற்ற வேண்டும். நீளமான, முடிச்சில்லாத துண்டுகளாகக் கிடைக்க வேண்டும். நம் நாட்டுக் காடுகளில் வளரும் கெருயிங் மரம் இந்தத் தகுதிகளைக் கொண்டது. அதன் அடர்த்தி கனமீட்டருக்கு 690 முதல் 945 கிலோகிராம் வரை இருக்கும். மேற்கு நாடுகளில் இவ்வகை மரம் 'அபிதோங்' என்ற பிலிப்பீன்சுப் பெயரால் அறியப்படுகிறது. இன்றும் கனமான இயந்திரங்களை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டிகளின் தளத்திற்கு அங்கே இதனை விரும்பி வாங்குகிறார்கள். தென்கிழக்காசியக் காட்டில் வளர்ந்த மரம், உலகின் மறுகோடியில் ஒரு கனவுந்தின் முதுகாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கெருயிங்கைவிட வன்மையானது செங்கால் மரம். அதன் அடர்த்தி கனமீட்டருக்கு 915 முதல் 980 கிலோகிராம் வரை இருக்கும். மழையையும் கரையானையும் எதிர்த்து நீண்ட காலம் நிலைக்கும். திரங்கானு மாநிலத்தின் பூலாவ் டூயோங் தீவில் படகு கட்டும் கலைஞர்கள் இம்மரத்தைத்தான் பயன்படுத்தினர். இரும்பாணிக்கு மாறாக மர முளைகளால் பலகைகளை இணைப்பது அவர்களின் மரபு. கடலில் அலை படகை முறுக்குகிறது. நிலத்தில் மேடு பள்ளம் வண்டியை முறுக்குகிறது. வளைந்து கொடுக்கும் இணைப்பே நிலைக்கும் என்பதை இரு தொழிலினரும் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

தளத்தில் அமர்ந்தவர்கள்

சரக்குப் பெட்டி சரக்குக்காகக் கட்டப்பட்டது. ஆயினும், வரலாற்றில் அதில் மனிதர்களும் பயணம் செய்தனர். இராணுவ வீரர்கள் மட்டுமல்லர். நம் நாட்டு ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலைக்குச் செல்வதற்கும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதற்கும் லோரியே வாகனமாக இருந்த காலம் ஒன்று உண்டு. செபராங் பிறையும் தோட்டங்கள் நிறைந்த பகுதிதான். உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் திறந்த லோரியில் நின்றுகொண்டு, பக்கப் பலகையைப் பிடித்தபடி சென்ற நாள்களைச் சொல்லக்கூடும்.

அப்படிப் பயணம் செய்தவர்களின் உயிர், ஒரு கொக்கியையும் சில போல்ட்டுகளையும் நம்பி இருந்தது. பின்கதவின் கொக்கி தேய்ந்திருந்தால் கதவு திடீரெனத் திறந்துகொள்ளும். செருகுகுழியில் உளுத்த கட்டை இருந்தால் பக்கப் பலகை சாய்ந்துவிடும். மரம் காய்ந்து சுருங்கும்போது யூ போல்ட்டின் பிடி தளரும். அதை மீண்டும் முடுக்காமல் விட்டால், வண்டி திடீரென நிற்கும்போது சுமையோடு சேர்ந்து பெட்டியே முன்னோக்கி நகர்ந்து ஓட்டுநர் அறையை மோதக்கூடும். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. கனவுந்தின் அச்சாணி, பெட்டியைப் பிடித்திருக்கும் அந்தச் சிறு போல்ட்டுதான்.

இன்று நம் நாட்டில் வணிகக் கனவுந்துகள் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளுக்கு ஏற்பவே பாடி கட்டப்பட வேண்டும். இத்தகைய விதிகளைச் சிலர் தொல்லையாகக் கருதுவர். ஆனால், ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் பாதுகாப்பு இருக்கிறது.

பழமையைப் புதுப்பித்தல்

இன்று உலகின் பல நாடுகளில் பழைய இராணுவக் கனவுந்துகளை ஆர்வலர்கள் புதுப்பிக்கின்றனர். நம் நாட்டில் போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படை அருங்காட்சியகத்தில் பழைய இராணுவ வாகனங்களைக் காணலாம். இயந்திரத்தை ஓட வைப்பதுதான் புதுப்பிப்பதில் கடினமான வேலை என்று பலர் எண்ணுவர். உண்மையில், பெரும்பாலும் முதலில் அழிந்துபோவது மரப்பெட்டிதான். பத்து ஆண்டுகள் மழையில் நின்ற வண்டியின் எஃகுச் சட்டம் துருவோடு நிற்கும். தளப் பலகையோ மண்ணாகியிருக்கும்.

அதனால், அனுபவமுள்ளவர்கள் ஒரு பலகையைக்கூட அவசரப்பட்டுக் கழற்றுவதில்லை. முதலில் எல்லாவற்றையும் அளந்து வரைபடமாக்குவர்; நிழற்படம் எடுப்பர். ஒவ்வொரு பலகைக்கும் எண் இடுவர். எந்தத் துளையில் எந்தப் போல்ட் இருந்தது என்று குறித்துக்கொள்வர். ஓரளவு நல்ல நிலையில் உள்ள ஒரு பலகையை மாதிரிக்காக எடுத்து வைப்பர். உளுத்த துண்டும் ஓர் ஆவணம்தான். அதன் தடிப்பு, அதில் படிந்த வண்ணம், துளையின் அளவு ஆகியவை மூல வடிவத்தைக் காட்டும்.

புதிய பலகையை நன்கு உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும். ஈர மரத்தைப் பொருத்தினால் அது காய்ந்து சுருங்கி, இடைவெளி விழும். பலகையின் வெட்டுமுனை, அதன் பக்கங்களைவிட மிக விரைவாக நீரை உறிஞ்சும். எனவே, வெட்டுமுனைகளுக்கும் துளைகளுக்கும் முதலில் பாதுகாப்புப் பூச்சு இடுவர். திருகாணிக்குப் பதிலாக, கழுத்து சதுரமாகவும் தலை உருண்டையாகவும் உள்ள போல்ட்டைப் பயன்படுத்துவர். அந்தச் சதுரக் கழுத்து மரத்தில் பதிந்துகொள்வதால் நட்டை முடுக்கும்போது போல்ட் சுழலாது. உருண்டைத் தலையில் சரக்கும் மாட்டாது. வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முடுக்குவர். மரம் தன் இடத்தில் அமர்ந்த பிறகுதான் வேலை முடிந்தது என்று பொருள்.

புதுப்பிப்போர் தமக்குள் அடிக்கடி விவாதிக்கும் ஒரு வினா உண்டு. எல்லாப் பலகைகளையும் மாற்றிய பிறகு அது பழைய வண்டியா, புதிய வண்டியா? இதற்குப் பலர் பல விடை சொல்வர். ஒன்று மட்டும் உறுதி. போர்க்களத்தில் ஓடிய காலத்திலேயே அந்தப் பலகைகள் பலமுறை மாற்றப்பட்டன. மாற்றுவதற்கு ஏற்றவாறுதான் அவை கட்டப்பட்டன. ஆகவே, காக்கப்பட வேண்டியது பலகை மட்டுமன்று. அந்தப் பலகையை அளந்து, அறுத்து, பொருத்தி, முடுக்கத் தெரிந்த கைகளின் அறிவும் காக்கப்பட வேண்டும். ஒரு தச்சர் தம் அறிவை எழுதி வைக்காமலும் யாருக்கும் கற்றுத் தராமலும் மறைந்தால், அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியும் ஒருநாள் வாய் பேசாத இரும்பாகிவிடும்.

செபராங் பிறை வட்டாரத்திலும் நாட்டின் பிற பகுதிகளிலும் கனவுந்துப் பட்டறைகளில் பணியாற்றி மூத்தவர்கள் பலர் வாழ்கிறார்கள். எந்தக் கட்டை எங்கே வெடிக்கும், எந்தப் போல்ட் எப்போது தளரும் என்பது அவர்களுக்கு ஓசையைக் கேட்டே தெரியும். அவ்வறிவு இன்னும் பல பாடநூல்களில் ஏறவில்லை. அதைக் கேட்டு, எழுதி வைக்கும் வேலைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

கருத்துணர் வினாக்கள்

1. கனவுந்தின் அடிச்சட்டம் எதனோடு ஒப்பிடப்பட்டுள்ளது? ஏன்?

2. அடிச்சட்டம் முறுக்கிக்கொள்வது 'குறையன்று' எனக் கட்டுரை கூறுவதன் காரணம் யாது?

3. எஃகுச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஏன் துளையிடக் கூடாது?

4. 1942இல் அமெரிக்க இராணுவக் கனவுந்துகளின் சரக்குப் பெட்டியில் ஏற்பட்ட மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் விளக்குக.

5. 'உளுத்த துண்டும் ஓர் ஆவணம்தான்.' இக்கூற்றை உன் சொந்த நடையில் விளக்குக.

6. படகு கட்டுவோருக்கும் பாடி கட்டுவோருக்கும் இடையே உள்ள ஒற்றுமையைக் கட்டுரையின் துணைகொண்டு எழுதுக.

சிந்தனைக்கு

எல்லாப் பலகைகளும் மாற்றப்பட்ட ஒரு கனவுந்தைப் பழைய வண்டி என்று கூறலாமா? உன் கருத்தைத் தக்க காரணங்களுடன் நிறுவுக.

நடவடிக்கை

உன் குடும்பத்திலோ வசிப்பிடத்திலோ கைத்தொழில் செய்த மூத்தவர் ஒருவரைப் பேட்டி காண்க. அவர் பயன்படுத்திய கருவிகள், பொருள்கள், தொழில் நுணுக்கங்கள் ஆகியவற்றைத் தொகுத்து 200 சொற்களில் ஓர் அறிக்கை எழுதுக. தொழில் தொடர்பாக அவர் வழங்கிய சொற்களை அப்படியே பதிவு செய்க.